மாற்றியமைக்கப்பட்ட பிஎஸ்பி: மெமரி கார்டின் இடத்தைப் பேணுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள், அதாவது பிஎஸ்பி, 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தபோது, துணைப்பொருள்களுடன் சேர்த்து விற்கப்பட்ட தொகுப்பில் இருந்த மெமரி ஸ்டிக்கின் கொள்ளளவு 32 எம்பி மட்டுமே. விளையாட்டு முழுவதும் யூஎம்டி எனப்படும் சிறு ஒளிவட்டில் இருக்கும், ஆட்டத்தின் முன்னேற்றத்தைக் குறித்துவைக்கும் சேவ் கோப்பு மட்டும் அட்டையில் இருக்கும் என்பது அன்றைய ஏற்பாடு. கஸ்டம் ஃபர்ம்வேர், அதாவது சோனியின் அடிப்படை மென்பொருளை ஆர்வலர்கள் மாற்றியமைத்த பதிப்பு, நிறுவிய கருவியில் அந்த ஏற்பாடு தலைகீழாகிவிடுகிறது. வட்டின் முழுப் படிமமும் (ஒரே கோப்பாக எடுத்த நகல்), பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளும், வேறு கருவிகளின் விளையாட்டுகளை இயக்கும் எமுலேட்டர்களும், கூடுதல் வசதி தரும் பிளகின்களும், இவற்றோடு சேவ் கோப்புகளும் ஒரே அட்டைக்குள் நெருக்கியடித்துக் குடியிருக்கின்றன. இடம் தீர்ந்துபோகும் நாளில் பதற்றத்தில் எதை அழிப்பது என்று தெரியாமல், அழிக்கக் கூடாததை அழித்துவிட்டு வருந்துவோர் பலர். அவர்களில் நானும் ஒருவன் என்பதால் இக்கேள்விகளுக்கு இயன்றவரை விரிவாகவே விடை எழுதியிருக்கிறேன்.

64 ஜிபி என்று எழுதியிருக்கும் அட்டை ஏன் 60 ஜிபி கூடக் காட்டுவதில்லை?

அட்டை தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். பிஎஸ்பியும் விண்டோஸ் கணினியும் 1024-ஐ மும்முறை பெருக்கி வரும் எண்ணை ஒரு ஜிபி என்று கொள்கின்றன. ஆகவே 32 ஜிபி அட்டை சுமார் 29.8 என்றும், 64 ஜிபி அட்டை சுமார் 59.6 என்றும், 128 ஜிபி அட்டை சுமார் 119.2 என்றும் தெரிவது இயல்பே, எதுவும் தொலைந்துபோகவில்லை. கோப்பு முறைமையின் அட்டவணைகள் இன்னும் சிறிதளவு இடத்தை எடுத்துக்கொள்ளும்.

எந்த வகை அட்டையைப் பயன்படுத்துவது நல்லது?

பிஎஸ்பியின் 1000, 2000, 3000 மாதிரிகள் மெமரி ஸ்டிக் பிரோ டியோ வகையை ஏற்கின்றன. அந்த வகையில் விற்பனைக்கு வந்த மிகப் பெரிய கொள்ளளவு 32 ஜிபி. இன்று பெரும்பாலோர் மைக்ரோ எஸ்டி அட்டையை உள்ளே செருகும் அடாப்டரையே பயன்படுத்துகிறார்கள். என் கருத்திலும் அதுவே சரியான வழி, ஏனெனில் அட்டை பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், கணினியின் கார்டு ரீடரில் நேரடியாகச் செருகி, கருவியின் யூஎஸ்பி வழியாக நகலெடுப்பதைவிட விரைவாகவும் வேலையை முடிக்கலாம்.

இரண்டு மைக்ரோ எஸ்டி அட்டைகளை ஒரே அட்டைபோலக் காட்டும் இரட்டை அடாப்டர்களும் உண்டு. இவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. தரவு இரண்டு அட்டைகளிலும் பகிர்ந்து எழுதப்படுவதால், ஒன்றை மட்டும் வெளியே எடுத்தால் அதைப் படிக்க இயலாது. இரண்டில் எது பழுதானாலும் இரண்டிலும் உள்ளவை போய்விடும். கொள்ளளவு போதவில்லை என்றால் ஒரே பெரிய அட்டையை வாங்குவதே பாதுகாப்பானது.

பெரிய அட்டையைச் செருகியதும் பிஎஸ்பி அதை அறிந்துகொள்ளவில்லை. ஏன்?

64 ஜிபியும் அதற்கு மேற்பட்டதுமான மைக்ரோ எஸ்டி அட்டைகள் எக்ஸ்ஃபேட் என்னும் முறைமையில் வடிவமைக்கப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. பிஎஸ்பிக்கு அது தெரியாது; இத்தகைய பெரிய அட்டைகளுக்கு ஃபேட்32 முறைமையே தேவை. கருவியின் சிஸ்டம் செட்டிங்ஸ் பகுதியிலுள்ள ஃபார்மேட் கட்டளையைக் கொண்டே அட்டையை வடிவமைத்துவிடுவது எளிது. தேவையான கோப்புறைகளையும் அது உடன் உருவாக்கித் தரும். ஃபார்மேட் செய்தால் அட்டையில் உள்ள அனைத்தும் அழியும் என்பதை நினைவிற் கொள்க. ஃபேட்32 முறைமையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபி அளவை எட்ட முடியாது. யூஎம்டி வட்டின் அதிகபட்சக் கொள்ளளவே 1.8 ஜிபி என்பதால் விளையாட்டுகளுக்கு இது ஒரு தடையே இல்லை.

அட்டையில் எந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் அழிக்கத் தொடங்க வேண்டாம். அட்டையின் மேல்மட்டத்தில் உள்ள ஐஎஸ்ஓ கோப்புறையில் யூஎம்டி படிமங்கள் இருக்கும். பிஎஸ்பி என்ற கோப்புறைக்குள் கேம், சேவ்டேட்டா என இரண்டு முக்கியமான உட்கோப்புறைகள் உண்டு. கேம் கோப்புறையில் ஆர்வலர்கள் எழுதிய ஹோம்பிரூ செயலிகள், எமுலேட்டர்கள், பிஎஸ்பி இயக்கும் ஈபூட் என்னும் கோப்பு வடிவிலான பிளேஸ்டேஷன் விளையாட்டுகள், சில யூஎம்டி விளையாட்டுகளின் கூடுதல் உள்ளடக்கங்கள் ஆகியவை தனித்தனிக் கோப்புறைகளாக இருக்கும். சேவ்டேட்டா என்பதன் பொருள் சொல்லாமலே விளங்கும். முறையாக விலைகொடுத்து இறக்கிய விளையாட்டுகளின் உரிமக் கோப்புகள் லைசென்ஸ் என்ற கோப்புறையில் இருக்கும்; அவை மிகச் சிறியவை, அவற்றைத் தொட வேண்டாம். செப்ளகின்ஸ் கோப்புறை பிளகின்களுக்கு உரியது. மியூசிக், பிக்சர், வீடியோ ஆகியவை பெயருக்கேற்றவாறே பாட்டுக்கும் படத்துக்கும் காணொளிக்கும் உரியவை.

கஸ்டம் ஃபர்ம்வேர் அட்டையில் இருக்கிறதா, கருவிக்குள் இருக்கிறதா?

நிறுவிய முறையைப் பொறுத்து இரண்டு இடங்களிலும் இருக்கலாம். இடம் தேடி அலைபவர்கள் பெரும்பாலும் தவறு செய்யும் இடம் இதுதான். ஆர்க்-4 என்னும் ஃபர்ம்வேர் தன் கோப்புகளைச் சேவ்டேட்டா கோப்புறைக்குள்ளேயே ஆர்க்_01234 என்ற பெயரில் வைத்துக்கொள்கிறது. பார்ப்பதற்கு ஏதோ ஒரு பழைய விளையாட்டின் சேவ் போலத் தோன்றும் அதை அழித்தால் ஆர்க் இயங்காது. ஒருமுறை நானே இப்படி அழித்துவிட்டு, கருவியே பழுதாகிவிட்டது என்று அரைநாள் அஞ்சியிருந்தேன். அதுபோல 6.60 பதிப்பில் பிரோ என்னும் இன்னொரு கஸ்டம் ஃபர்ம்வேரை நிரந்தரமாக்காமல் பயன்படுத்துவோருக்கு, கருவியை முழுவதும் அணைத்து மீண்டும் இயக்கிய பிறகு கஸ்டம் ஃபர்ம்வேரை எழுப்புவதற்கு கேம் கோப்புறையில் உள்ள ஃபாஸ்ட் ரெக்கவரி தேவைப்படுகிறது. இவை எடுத்துக்கொள்ளும் இடம் மிகச் சொற்பம். அழித்தால் கிடைக்கும் லாபமோ எதுவுமில்லை.

இடம் தீர்ந்துவிட்டது. முதலில் எதை நீக்குவது?

முதலில் எதையும் நீக்காதீர்கள், அளந்து பாருங்கள். அட்டையைக் கணினியில் இணைத்து, மறைந்துள்ள கோப்புகளும் தெரியும்படி அமைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்புறையின் அளவையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய எல்லா அட்டைகளிலும் நான் கண்டது ஒன்றே: இடத்தின் பெரும்பகுதியை ஐஎஸ்ஓ கோப்புறையில் உள்ள சில பெரிய படிமங்களே பிடித்திருக்கும். ஆயினும் மக்கள் அழிக்கத் தொடங்குவது சேவ்டேட்டாவிலிருந்து, ஏனெனில் கருவியின் பட்டியலில் அங்குதான் நீண்ட வரிசை தெரிகிறது. வரிசை நீளமாக இருப்பதால் அளவும் பெரிது என்று கண் ஏமாறுகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சேவ் கோப்புறையில் 5 சிறு கோப்புகள் இருப்பதாகவும், அட்டையில் ஒவ்வொரு கோப்பும் குறைந்தது 32 கேபி பிடிப்பதாகவும் கொண்டால், கோப்புறைக்கு உரிய 32 கேபியையும் சேர்த்து 192 கேபி ஆகிறது. இத்தகைய 300 சேவ்களையும் ஒருசேர அழித்தால் கிடைப்பது 60 எம்பியைக்கூட எட்டாது. நூற்றுக்கணக்கான மணி நேர ஆட்டத்தை இழந்து பெறும் அந்த இடத்தில் ஒரு யூஎம்டி படிமத்தின் ஒரு மூலையைக்கூட வைக்க முடியாது. ஒரே ஒரு பெரிய படிமத்தைக் கணினிக்கு மாற்றினால் 1.5 ஜிபிக்கு மேல் விடுபடக்கூடும். ஆகவே நீக்க வேண்டிய வரிசை இது: முதலில் ஆடி முடித்த விளையாட்டுகளின் படிமங்கள், அடுத்து மறந்துபோன காணொளிகள், அதன் பின் டேட்டா இன்ஸ்டால் என்ற பெயரில் எழுதப்பட்டவை. சேவ் கோப்புகள் இந்த வரிசையிலேயே இல்லை.

டேட்டா இன்ஸ்டால் என்றால் என்ன? அதை நீக்கலாமா?

யூஎம்டி வட்டு மெதுவாகச் சுழன்று படிக்கும் தன்மையுடையது. அதனால் சில விளையாட்டுகள், வட்டில் உள்ள தரவின் ஒரு பகுதியை அட்டையில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும் வசதியைத் தந்தன. அந்த நகல் பல நூறு எம்பி வரை போகலாம். வட்டை வைத்து ஆடுபவருக்கு இது பயனுள்ள வசதி. படிமத்தையே அட்டையிலிருந்து இயக்குபவருக்கோ ஒரே தரவு ஒரே அட்டையில் இரண்டு முறை இருக்கிறது என்பதைத் தவிர இதில் பெரிய பயன் எதுவும் இல்லை. எனவே தயங்காமல் நீக்கலாம். விளையாட்டுக்குள்ளேயே நீக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துவது முறை. அல்லாவிட்டால் விளையாட்டின் அடையாள எண்ணைப் பெயராகக் கொண்டு, அளவில் மட்டும் மிகப் பெரிதாக இருக்கும் கோப்புறையைத் தேடுங்கள். அதே எண்ணைத் தாங்கிய சிறிய கோப்புறை சேவாகவோ கூடுதல் உள்ளடக்கமாகவோ இருக்கக்கூடும் என்பதால், அளவைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து அழிக்க வேண்டாம்.

வேறு எங்கெல்லாம் இடம் ஒளிந்திருக்கும்?

பழைய ஃபர்ம்வேர் காலத்தில் காணொளிகள் எம்பி_ரூட் என்ற கோப்புறையிலும், பாடல்களும் படங்களும் பிஎஸ்பி கோப்புறைக்குள்ளும் வைக்கப்பட்டன. பல ஆண்டுகளாக அட்டையிலிருந்து அட்டைக்கு அப்படியே நகலெடுத்து வந்தவர்களிடம் இக்கோப்புறைகள் இன்னும் இருப்பதைக் காணலாம். திரைப்பிடிப்பு பிளகினும் கவனிக்கத்தக்கது. பிஎஸ்பியின் திரை 480-க்கு 272 புள்ளிகள் கொண்டது. அதைச் சுருக்காமல் பிஎம்பி வடிவில் சேமித்தால் ஒரு படம் சுமார் 383 கேபி ஆகும். ஆர்வத்தில் ஆயிரம் படங்கள் பிடித்திருந்தால் 370 எம்பிக்கு மேல் போயிருக்கும். கணினிக்கு மாற்றி பிஎன்ஜி வடிவில் வைத்துக்கொண்டால் தரம் சிறிதும் குறையாமல் அளவு குறையும்.

கோப்புகளை அழித்த பிறகும் காலி இடம் கூடவில்லை. ஏன்?

மூன்று காரணங்களை அடுத்தடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

மேக் கணினியில் அழித்திருந்தால், கோப்பு உண்மையில் அழியவில்லை. அது அந்த அட்டையிலேயே உள்ள மறைவான குப்பைத்தொட்டிக் கோப்புறைக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. அட்டை இணைப்பில் இருக்கும்போதே குப்பைத்தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் விடுபடும். இடம் காணாமற்போனதாக வருந்துவோரில் மேக் பயன்படுத்துவோர் முதலில் பார்க்க வேண்டியது இதையே. மேக் கணினி நகலெடுக்கும்போது புள்ளியும் அடிக்கோடும் முன்னொட்டாகக் கொண்ட சிறு கோப்புகளையும் உடன் உருவாக்கிவிடும். பிஎஸ்பியின் கேம் பட்டியலில் சேதமடைந்த தரவு என்ற பெயரில் தெரியும் உருப்படிகளில் பல இவற்றின் விளைவே. இவற்றை நீக்குவதால் விளையாட்டுக்குத் தீங்கு இல்லை.

இரண்டாவது, எழுதிக்கொண்டிருக்கும்போது அட்டையைப் பிடுங்கியிருந்தாலோ மின்கலம் தீர்ந்திருந்தாலோ, எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லாத, ஆனால் காலி என்றும் குறிக்கப்படாத துண்டுகள் அட்டையில் தங்கிவிடும். விண்டோஸ் கணினியில் பிழை சரிபார்ப்பை இயக்கினால் அது அவற்றைத் திரட்டி, ஃபவுண்ட் என்று தொடங்கும் கோப்புறையில் சிஎச்கே கோப்புகளாக வைக்கும். தொலைந்த சேவ் எதையும் தேடவில்லை என்றால் அக்கோப்புறையை முழுவதும் நீக்கலாம். சரிபார்ப்பை இயக்குவதற்கு முன் சேவ்டேட்டாவை நகலெடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது, ஃபேட்32 முறைமை காலி இடம் எவ்வளவு என்ற எண்ணைத் தனியாக ஓரிடத்தில் குறித்துவைத்துக்கொள்கிறது. இணைப்பு முறையாகத் துண்டிக்கப்படாதபோது அந்த எண் பழையதாகவே நின்றுவிடலாம். அதையும் அதே பிழை சரிபார்ப்பு திருத்திவிடும். பிஎஸ்பியில் மெமரி ஸ்டிக்கின் ஆரஞ்சு நிற விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போது அட்டையைத் தொடாமல் இருந்தாலே இந்த இரண்டு சிக்கல்களையும் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

ஐஎஸ்ஓ படிமத்தைச் சிஎஸ்ஓ ஆக மாற்றினால் எவ்வளவு இடம் மிச்சமாகும்?

இதற்கு ஒரே எண்ணை விடையாகச் சொல்ல இயலாது. விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். ஏன் மாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், எதை மாற்றலாம் எதை விட்டுவிடலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

சிஎஸ்ஓ என்பது படிமத்தை 2048 பைட் கொண்ட சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே சுருக்கி, எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்னும் அட்டவணையை முன்னால் வைத்திருக்கும் கோப்பு வடிவம். விளையாட்டு கேட்கும் பகுதியை மட்டும் ஃபர்ம்வேர் அவ்வப்போது விரித்துத் தருகிறது. தரவு எதுவும் இழக்கப்படுவதில்லை. விரும்பும்போது பழைய ஐஎஸ்ஓ வடிவுக்கே திரும்பலாம். நிரல், வரைபடத் தரவு, எழுத்து ஆகியவை நன்றாகச் சுருங்கும். வட்டில் தரவு அமரும் இடத்தைச் சரிசெய்வதற்காகத் தயாரிப்பாளர்கள் நிரப்பிவைத்த வெற்றுக் கோப்புகள், ஒரே எண் திரும்பத் திரும்ப வருவனவாக இருந்தால், ஏறத்தாழ ஒன்றுமில்லாமலே ஆகிவிடும். ஆனால் காணொளிக் காட்சிகளும் அட்ராக் வடிவிலான இசையும் குரலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. பிழிந்த துணியை மீண்டும் பிழிவதுபோல அவற்றிலிருந்து எதுவும் வராது. ஆகவே காணொளியும் குரல் நடிப்பும் நிறைந்த விளையாட்டில் நூற்றுக்குச் சில பங்கே மிச்சமாகலாம். வெற்று நிரப்பல் மிகுந்த விளையாட்டு பாதியாகவே குறையலாம்.

என் நடைமுறை இதுதான்: கணினியில் மாற்றிப் பார்ப்பேன். பத்தில் ஒரு பங்கேனும் குறையவில்லை என்றால் சிஎஸ்ஓவை அழித்துவிட்டு ஐஎஸ்ஓவையே வைத்துக்கொள்வேன்.

சிஎஸ்ஓ விளையாட்டின் வேகத்தைக் குறைக்குமா?

சில விளையாட்டுகளில் குறைக்கும். விரித்துத் தரும் வேலையைச் செய்வது விளையாட்டை இயக்கும் அதே செயலிதான் (பிராசசர்) என்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போதே இடைவிடாமல் அட்டையிலிருந்து படிக்கும் விளையாட்டுகளில் காணொளி திக்கலாம், ஒலி வெட்டலாம், காத்திருப்பு நீளலாம். முறைவைத்து ஆடும் விளையாட்டுகளிலும் புதிர் விளையாட்டுகளிலும் வேறுபாடு தெரிவதே அரிது. கஸ்டம் ஃபர்ம்வேரின் பட்டியலில் செயலியின் வேகத்தை 333 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் ஓரளவு ஈடுசெய்யலாம். அதற்கு மின்கலம் விலை கொடுக்கும்.

சுருக்கும் அளவை 1 முதல் 9 வரை தேர்ந்தெடுக்கும்போது, 9 வைத்தால் விளையாட்டு மெதுவாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இம்முறையில் அளவு கூடக்கூட நேரம் கூடுவது கணினியில் சுருக்கும் வேலைக்குத்தான். விரிக்கும் வேலைக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே சுருக்குவது என்று முடிவெடுத்தால் 9 வைத்தே சுருக்குங்கள். ஆர்க்-4 பயன்படுத்துவோருக்கு இசட்எஸ்ஓ என்ற இன்னொரு வடிவமும் இருக்கிறது. அது சிஎஸ்ஓ அளவுக்குச் சுருங்காது. ஆனால் விரிப்பதற்குச் செயலி படும் பாடு மிகக் குறைவு. திக்கும் விளையாட்டுகளுக்கு நான் இதையே முதலில் முயல்வேன்.

படிமத்துக்குள் இருக்கும் தேவையற்றவற்றை வெட்டி எடுத்துவிடலாமா?

யூஎம்டி படிமங்களில் அப்டேட் என்ற கோப்புறையில், அந்த விளையாட்டு வெளிவந்த காலத்து ஃபர்ம்வேரின் நகல் இருக்கும். கஸ்டம் ஃபர்ம்வேர் நிறுவிய கருவிக்கு அது தேவையில்லை என்பது உண்மையே. மறையாக்கம் செய்யப்பட்டது என்பதால் அது சிஎஸ்ஓவிலும் சுருங்காது என்பதும் உண்மையே. ஆயினும் அதனால் கிடைப்பது சில பத்து எம்பி மட்டும். அதற்கு மேல் போய், வேண்டாத மொழிகளையும் முன்னோட்டக் காணொளிகளையும் வெட்டுபவர்களும் உண்டு. அப்படி வெட்டிய படிமம் ஆட்டத்தின் பாதியில், அந்தக் காணொளி வர வேண்டிய இடத்தில், உறைந்து நின்றுவிடலாம். 20 மணி நேரம் ஆடியபின் அப்படி நிற்பதை எண்ணிப் பார்க்கும்போது, இந்த வேலை எனக்கு ஒவ்வாததாகவே தோன்றுகிறது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் வட்டிலிருந்து எடுத்த மாறாத மூலப் படிமம் ஒன்றைக் கணினியில் கட்டாயம் வைத்திருங்கள். கஸ்டம் ஃபர்ம்வேரின் பட்டியலில் யூஎஸ்பி சாதனம் என்பதை யூஎம்டி வட்டு என்று மாற்றி இணைத்தால், செருகியிருக்கும் வட்டு கணினியில் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாகத் தெரியும், அதை நகலெடுத்துக்கொள்ளலாம்.

பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளின் அளவைக் குறைக்க முடியுமா?

முடியும். குறுந்தகட்டிலிருந்து ஈபூட் கோப்பாக மாற்றும் கருவிகளில் சுருக்கும் அளவைக் குறிக்கும் இடம் உண்டு. அதைப் பயன்படுத்தாமல் விட்டால் ஒரு தகட்டின் முழு அளவும் அப்படியே வந்துவிடும். பல தகடுகள் கொண்ட விளையாட்டை ஒரே ஈபூட் கோப்பாக்கினால் இடம் மிச்சமாகாது. ஆனால் எல்லாத் தகடுகளுக்கும் ஒரே சேவ் கோப்புறை அமைவதால் குழப்பம் மிச்சமாகும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் சேவ்டேட்டாவில் இரண்டு மெய்நிகர் மெமரி கார்டுகள் உருவாகும். ஒவ்வொன்றும் 128 கேபிக்குச் சற்று மேல். விளையாட்டை நீக்கினாலும் இவற்றை விட்டுவையுங்கள்.

எமுலேட்டர்களின் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் எதிர்பார்த்ததைவிட அதிக இடம் பிடிப்பது ஏன்?

அட்டை தன் இடத்தைக் கிளஸ்டர் என்னும் அறைகளாகப் பிரித்தே கொடுக்கிறது. அறையின் அளவு 32 கேபி என்றால், 1 கேபி கோப்பும் ஓர் அறையை முழுவதுமாக எடுத்துக்கொள்ளும். 10,000 சிறு கோப்புகள் இருந்தால், அவற்றின் உண்மையான அளவு எதுவாக இருந்தாலும், 310 எம்பிக்கு மேல் போய்விடும். பெரிய அட்டைகளில் அறை 64 கேபியாகவும் இருக்கலாம். அப்போது இழப்பு இரட்டிப்பாகும். பல எமுலேட்டர்கள் ஜிப் கோப்பை நேரடியாகவே படிக்கும் என்பதால், சுருக்கி வைப்பது உதவும். ஆனால் 32 கேபிக்குக் குறைவான கோப்பை எவ்வளவு சுருக்கினாலும் பயனில்லை என்பது மேலே சொன்னதிலிருந்தே விளங்கும். இவ்விழப்பைக் குறைப்பதற்காகக் கணினியில் சிறிய அறைகளாக வடிவமைக்க முயல வேண்டாம். பெரிய படிமங்களைப் படிக்கும் கருவிக்குப் பெரிய அறைகளே ஏற்றவை.

விளையாட்டை நீக்கினால் என் சேவ் போய்விடுமா?

போகாது. படிமமும் சேவும் வெவ்வேறு இடங்களில் இருப்பவை. இரண்டையும் இணைப்பது விளையாட்டின் அடையாள எண் மட்டுமே. யூஎல்யூஎஸ் என்று தொடங்கும் எண் அமெரிக்கப் பதிப்புக்கும், யூஎல்இஎஸ் என்று தொடங்குவது ஐரோப்பியப் பதிப்புக்கும், யூஎல்ஜேஎம், யூஎல்ஜேஎஸ் என்று தொடங்குபவை ஜப்பானியப் பதிப்புகளுக்கும் உரியவை. ஓராண்டு கழித்து அதே பதிப்பின் படிமத்தை மீண்டும் அட்டையில் வைத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேறு பதிப்பை வைத்தால், பெயர் ஒன்றாக இருந்தாலும், பழைய சேவ் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. சேவ் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏராளமாக இடம் இருந்தும், போதிய இடம் இல்லை என்று ஒரு விளையாட்டு சொல்கிறது. இது எப்படி?

சில பழைய விளையாட்டுகள், அட்டைகள் மிகச் சிறியனவாக இருந்த காலத்தில் எழுதப்பட்டவை. காலி இடத்தை அவை வைத்துக்கொள்ளும் எண்ணுக்கு 2 ஜிபி அல்லது 4 ஜிபி வரையே எண்ணத் தெரியும். அதைத் தாண்டும்போது எண் சுழன்று மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும், அல்லது குறை எண்ணாகிவிடும். அப்போது 40 ஜிபி காலியாக இருந்தும் விளையாட்டின் கண்ணுக்கு அது ஒன்றுமில்லாததாகத் தெரியலாம். இங்கே எதையாவது அழித்து இடம் கூட்டுவதால் பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சில நூறு எம்பி முதல் ஒரு ஜிபி வரையிலான ஏதேனும் கோப்பை அட்டையில் சேர்த்தோ எடுத்தோ மீண்டும் முயன்றால், சுழன்று வரும் எண் மாறி, சேவ் எழுதப்படலாம். இத்தகைய விளையாட்டுகளுக்கென்றே 2 ஜிபி அல்லது அதற்கும் சிறிய பழைய மெமரி ஸ்டிக் ஒன்றைத் தனியே வைத்திருப்பது உறுதியான வழி.

எவ்வளவு இடத்தைக் காலியாக விட்டுவைப்பது?

சேவ் எழுதுவதற்குச் சில எம்பி போதும். ஆனால் அட்டையை விளிம்புவரை நிரப்பினால், ஆட்டத்தின் நடுவே சேவ் எழுத இடமின்றிப்போகும் அபாயம் உண்டு. சில நூறு எம்பி எப்போதும் காலியாக இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன்.

விளையாட்டுகள் அதிகமானதும் பட்டியல் மெதுவாகத் திறக்கிறது. இதற்கும் இடத்துக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை. ஒவ்வொரு விளையாட்டின் சின்னத்தையும் பெயரையும் கருவி படிக்க வேண்டியிருப்பதே தாமதத்துக்குக் காரணம். கேம் கேட்டகரீஸ் லைட் என்ற பிளகினைக் கொண்டு விளையாட்டுகளை உட்கோப்புறைகளாக வகைப்படுத்தினால் பட்டியல் கைக்கு அடங்கும். ஆனாலும் ஆடாத 60 விளையாட்டுகளைக் கணினியில் வைத்துவிட்டு, ஆடும் 15-ஐ மட்டும் அட்டையில் வைத்திருப்பவருக்கு இந்தப் பிளகினே தேவைப்படாது.

பிஎஸ்பி கோ வைத்திருப்பவர்களுக்கு வேறு ஏதேனும் வேறுபாடு உண்டா?

பிஎஸ்பி கோவில் 16 ஜிபி உள் சேமிப்பு இருக்கிறது. கூடுதலாக எம்2 எனப்படும் மெமரி ஸ்டிக் மைக்ரோவைச் செருகலாம். இரண்டும் தனித்தனிச் சேமிப்பிடங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சேவ்டேட்டா கோப்புறை இருக்கும். படிமத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது சேவையும் உடன் மாற்ற மறந்தால், ஆட்டம் முதலிலிருந்து தொடங்குவதாகத் தோன்றும்.

புதிதாக வாங்கிய அட்டையில் எழுதிய விளையாட்டுகள் சில நாட்களில் கெட்டுப்போகின்றன. அட்டை போலியா?

இருக்கலாம். சிறிய அட்டையின் உள்ளே, பெரிய கொள்ளளவு இருப்பதாகப் பொய் சொல்லும்படி மாற்றி விற்கும் வழக்கம் உண்டு. உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும், புதிதாக எழுதுவது பழையதன்மேல் படியும் அல்லது எங்குமே பதியாது போகும். பெயரும் அளவும் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே தரவு இருக்காது. எந்த அட்டையை வாங்கினாலும், அதில் எதையும் வைப்பதற்கு முன் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 ஆகிய இலவசச் செயலிகளில் ஒன்றைக் கொண்டு முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். பெரிய அட்டைக்குச் சில மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைச் செலவிடாமல் போலி அட்டையில் ஓராண்டு சேவ்களை வைத்து இழந்தவர்களை அறிவேன் என்பதால், இதைத் தவிர்க்காதீர்கள் என்று அழுத்தியே சொல்கிறேன்.

பெரிய அட்டைக்கு மாறும்போது பின்பற்ற வேண்டிய முறை என்ன?

பழைய அட்டையில் உள்ள அனைத்தையும், மறைந்துள்ள கோப்புகளையும் சேர்த்து, கணினியில் ஒரு கோப்புறைக்கு நகலெடுங்கள். புதிய அட்டையைச் சோதித்த பிறகு பிஎஸ்பியிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். பின்னர் முதலில் பிஎஸ்பி, செப்ளகின்ஸ் ஆகிய கோப்புறைகளை மாற்றி, கருவி சரியாகத் தொடங்குகிறதா, கஸ்டம் ஃபர்ம்வேர் விழிக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே ஐஎஸ்ஓ கோப்புறையை மாற்றுங்கள். அப்போதும் எல்லாவற்றையும் மாற்றாமல், இனி ஆடப்போகும் விளையாட்டுகளை மட்டும் மாற்றினால் புதிய அட்டை பழைய அட்டையின் நிலையை விரைவில் அடையாது. நீங்கள் மிகவும் போற்றும் இரண்டு மூன்று விளையாட்டுகளைத் திறந்து, சேவ் ஏறுகிறதா என்பதோடு புதிய சேவ் எழுதப்படுகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பழைய அட்டையை உடனே வேறு வேலைக்கு எடுத்துவிடாமல் ஒரு மாதமாவது அப்படியே ஒரு பெட்டியில் வைத்திருங்கள். விட்டுப்போன சேவ் எதுவென்பது பெரும்பாலும் அந்த விளையாட்டைத் திறக்கும் நாளில்தான் தெரியவரும்.